இலவசக் கண் ஆபரேஷன்: முகாமா, பெரியாஸ்பத்திரியா, காப்பீட்டு அட்டையா?

எங்கள் தெரு முக்கில் பூக்கட்டும் ஆச்சிக்குக் கண் மங்கியது யாருக்கும் தெரியாமலே இருந்தது. பூக்கட்டக் கண் வேண்டாம், விரல் பார்த்துக்கொள்ளும். காம்பை நாரில் வைத்து இரண்டு சுற்று, ஒரு முடிச்சு. ஊர்க்கதை பேசிக்கொண்டே முழம் முழமாகக் கட்டிப் போட்டுவிடுவார். அகப்பட்டது ரூபாய் நோட்டில்தான். ஒரு நாள் சாயந்திரம் 50 ரூபாய்க்குப் பிச்சிப்பூ வாங்கிக்கொண்டு நூறு ரூபாயை நீட்டினேன். இரண்டு இருபதும் ஒரு பத்தும் மீதி கொடுத்தார். வீட்டுக்கு வந்து சட்டைப் பையைத் துழாவினால், இருபதில் ஒன்று இருநூறு. புது இருபதும் இருநூறும் மஞ்சள் சாயல் உள்ள நோட்டுகள். தெருவிளக்கு வெளிச்சத்தில் நல்ல கண்ணுக்கே ஒரு கணம் தட்டும். புரை விழுந்த கண்ணோ எல்லாவற்றையும் ஒரு பழுப்புக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறது.

நோட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். ஆச்சி அதை முகத்துக்கு நேரே பிடித்து, கொஞ்சம் தள்ளிப் பிடித்து, கடைசியில் என்னிடமே காட்டி "இது இருநூறா?" என்றார். பிறகு, "ஒரு மாசமா டப்பாவுல துட்டு கணக்குக்கு வரல தம்பி. பக்கத்து வீட்டுப் பய எடுக்கான்னு நெனச்சு அவன வஞ்சிகிட்டு கெடந்தேன்."

கடந்த ஆறு வருடத்தில் மூன்று பேரின் கண்ணுக்காக நான் துணைக்குப் போயிருக்கிறேன். ஆச்சி முகாம் வழியாகப் போனார். என் மாமனார் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில். சிவகாசியில் இருக்கும் பெரியம்மா முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில். மூன்று இடத்திலும் ஆபரேஷனுக்கென்று யாரும் காசு வாங்கவில்லை. ஆனால் என் ஜெராக்ஸ் கடை மாமனாருக்காக ஒன்பது நாள் அடைத்துக் கிடந்தது. ஆச்சிக்காக மூன்று காலைப்பொழுதுகள். "எது நல்ல ஆஸ்பத்திரி?" என்று யாராவது என்னிடம் கேட்டால், "வீட்டில் துணைக்கு வர ஆள் இருக்கிறதா, அந்த ஆளுக்கு நாள்கூலி எவ்வளவு?" என்றுதான் நான் திருப்பிக் கேட்பது.

முதலில் கண்ணில் என்ன என்று தெரிய வேண்டும்

வயதானவர் "மங்கலாத் தெரியுது" என்று சொன்னால் நாமாகவே புரை என்று முடிவு கட்டிவிடுகிறோம். நாற்பதைக் கடந்த எல்லாருக்கும் வரும் வெள்ளெழுத்து வேறு, புரை வேறு, கண் பிரஷர் வேறு, சுகரால் விழித்திரை கெடுவது வேறு. வெள்ளெழுத்துக்கு வெறும் கண்ணாடி போதும். புரைக்கு ஆபரேஷன், போன பார்வை திரும்பி வரும். கண் பிரஷரில் போன பார்வை போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்ற ஆயுசுக்கும் சொட்டு மருந்து விட வேண்டும். சுகர் கண்ணுக்கு லேசர், ஊசி, முற்றினால் பெரிய ஆபரேஷன். ஆகவே எந்த வாசல் என்று முடிவு செய்வதற்கு முன்னால், கண் பாப்பா விரியச் சொட்டு விட்டு உள்ளே பார்க்கும் ஒரு பரிசோதனை வேண்டும்.

அதற்கு மாவட்டத் தலைநகர் வரை ஓட வேண்டியதில்லை. ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றுக்குக் குறிப்பிட்ட கிழமையில் கண் பரிசோதகர் வருவார். எந்தக் கிழமை என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டால் சொல்லிவிடுவார். அரவிந்த் கண் மருத்துவமனை சிற்றூர்களில் நடத்தும் விஷன் சென்டர்கள் நூறைத் தாண்டிவிட்டன. அங்கே ஒரு சின்னக் கட்டணம் உண்டு, ஆனால் அங்கிருந்தபடியே கணினி வழியாக டாக்டர் பார்த்துவிடுகிறார். புரை அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

கண்ணாடிக் கடைகளில் "இலவசக் கண் பரிசோதனை" என்று எழுதி வைத்திருப்பதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அங்கே பார்ப்பது கண்ணாடியின் பவர். கண்ணின் அழுத்தத்தையோ விழித்திரையையோ அவர்கள் பார்ப்பதில்லை. என் பெரியம்மா நான்கு வருடத்தில் மூன்று கண்ணாடி மாற்றினார். ஒவ்வொரு தடவையும் பவர் மாறியிருப்பதாகச் சொன்னார்கள். பொய் சொல்லவில்லை, மாறித்தான் இருந்தது. ஏன் மாறுகிறது என்று பார்க்கத்தான் அங்கே ஆள் இல்லை.

சொட்டு விட்டால் நாலைந்து மணி நேரத்துக்குப் பக்கத்தில் இருப்பது தெரியாது, வெயில் கூசும். பெரியவரைத் தனியே பஸ் ஏற்றி அனுப்பிவிடாதீர்கள்.

முகாம்

டீக்கடைச் சுவரில், ஜவுளிக்கடைத் தூணில் ஒட்டியிருப்பார்கள். "மாபெரும் இலவச கண் சிகிச்சை முகாம், ஞாயிறு காலை 8 மணி முதல் 1 மணி வரை." கீழே ஒரு லயன்ஸ் சங்கம் அல்லது கோயில் கமிட்டியின் பெயர், ஒரு கண் மருத்துவமனையின் பெயர், கூடவே மாவட்டப் பார்வை இழப்புத் தடுப்புச் சங்கத்தின் பெயர். இந்த மூன்றாவது பெயரை யாரும் படிப்பதில்லை. அது அரசின் அமைப்பு. பார்வையிழப்பைத் தடுக்கும் தேசியத் திட்டம் 1976-இல் தொடங்கியது. தொண்டு மருத்துவமனைகள் செய்யும் இலவசப் புரை ஆபரேஷனுக்கு இந்தத் திட்டத்திலிருந்து மானியம் போகிறது. முகாமில் கிடைப்பது யாரோ ஒருவர் போடும் தர்மம் என்று கூச்சப்படும் பெரியவர்களிடம் இதைச் சொல்லலாம். என் மாமனாரிடம் சொன்னேன், கேட்கவில்லை.

அதே 1976-இல்தான் மதுரையில் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற கையோடு, 11 படுக்கைகளில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தில் கோணிப்போன விரல்களோடு ஆபரேஷன் செய்து பழகியவர். காசு கொடுக்க முடிந்தவர் கொடுப்பதை வைத்து முடியாதவருக்கு இலவசம் என்பது அங்கே ஏற்பாடு. கோவையில் சங்கரா கண் மருத்துவமனையும் கிட்டத்தட்ட இதே கணக்கில் நடக்கிறது. சென்னை சங்கர நேத்ராலயா, ஐஐடி உதவியோடு வடிவமைத்த நடமாடும் ஆபரேஷன் தியேட்டரையே வண்டியில் ஊர்களுக்குக் கொண்டுபோகிறது.

ஆரம்ப காலத்தில் அரவிந்த் ஆட்கள் ஒன்றைக் கவனித்தார்கள். ஆபரேஷன் இலவசம் என்று சொன்ன பிறகும் புரை விழுந்தவர்களில் பெரும்பாலோர் வரவில்லை. பயம் ஒரு காரணம். பஸ் காசு, சாப்பாட்டுச் செலவு, கூட வர ஆள் இல்லாதது, அப்படி வருகிறவரின் கூலி போவது ஆகியவை அதைவிடப் பெரிய காரணம். அதற்குப் பிறகுதான் பஸ்ஸும் சாப்பாடும் படுக்கையும் சேர்ந்து இலவசமாயின. இன்றைக்கும் முகாமின் பலம் இதுதான். காலையில் ஊரில் பார்க்கிறார்கள், புரை என்றால் அன்றைக்கே வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள். இரண்டு மூன்று நாளில் ஆபரேஷன் முடித்து, சொட்டு மருந்தும் கறுப்புக் கண்ணாடியும் கொடுத்து, ஏறின இடத்திலேயே இறக்கி விடுகிறார்கள். துணைக்கு ஆள் தேவையில்லை. தனியாக இருக்கும் ஒருவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரிந்து கிடையாது.

ஆச்சியை முதல் தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள். விரலில் குத்திப் பார்த்ததில் சுகர் 300-க்கு மேல். அவருக்குச் சுகர் இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும். "கண்ணக் காட்ட வந்தா வெரலக் குத்துதாவ" என்று வரும் வழியெல்லாம் புலம்பினார். அப்புறம் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வர ஆரம்பித்தது. இரண்டு மாதம் கழித்து அடுத்த முகாமில் எடுத்துக்கொண்டார்கள். ஆதார் நகல், ரேஷன் அட்டை நகல், இரண்டு மாற்றுச் சேலை, ஒரு போன் நம்பர் எழுதிய துண்டுச் சீட்டு. அவ்வளவுதான் கையில் இருந்தது. ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டையும் கொடுத்து அனுப்ப வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை இருந்தால் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். நாமாக எந்த மாத்திரையையும் நிறுத்தக் கூடாது. முகாம் என்றதும் வெறும் வயிற்றோடு கிளம்பிவிடுகிறார்கள் பாருங்கள், அதுவும் தேவையில்லாத வேலை. சுகர் உள்ளவர் வரிசையில் மயங்கி விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

முகாமின் குறையையும் சொல்லிவிடுகிறேன். அது புரைக்காக வடிவமைத்த ஏற்பாடு. எழுநூறு பேர் வருமிடத்தில் ஒருவருக்குக் கிடைக்கும் நேரம் கொஞ்சம். லென்ஸைத் தேர்ந்தெடுக்கும் பேச்சே கிடையாது. இருதயக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு என்று பலதும் சேர்ந்தவரை "பெரிய டாக்டரிடம் எழுதி வாங்கி வாருங்கள்" என்று அனுப்பிவிடுவார்கள், அது நியாயம்தான். கூட்டத்தில் ஆச்சியின் செருப்பு மாறிப்போனது. இடது காலுக்கு ஒரு அளவு, வலது காலுக்கு ஒரு அளவாகத் திரும்பி வந்தார். கண் திறந்ததும் முதலில் கண்டுபிடித்தது அதைத்தான்.

இன்னொன்று. பழைய ஆட்கள் "முகாம்" என்றால் பள்ளிக்கூட வகுப்பறையில் பெஞ்சைச் சேர்த்துப் போட்டு ஆபரேஷன் செய்ததை நினைத்துக்கொள்கிறார்கள். என் தாத்தாவுக்கு அப்படித்தான் நடந்தது. பச்சைத் துணியைக் கண்ணுக்கு மேல் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு வாரம் கிடந்தார். உள்ளே லென்ஸ் வைக்காத காலம். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டுத்தான் மீதி வாழ்க்கை. இப்போது முகாமில் நடப்பது பரிசோதனை மட்டும். கத்தி படுவது மருத்துவமனையில்தான். லென்ஸும் எல்லாருக்கும் வைக்கிறார்கள். மதுரையில் 1992-இல் அரவிந்தின் தயாரிப்புப் பிரிவான ஆரோலேப் தொடங்கி லென்ஸை இங்கேயே செய்ய ஆரம்பித்ததும் அதன் விலை பல மடங்கு இறங்கிவிட்டது, அது இல்லாமல் இலவசத்தில் லென்ஸ் வந்திருக்காது.

பெரியாஸ்பத்திரி

எங்கள் பக்கத்துக் கண் டாக்டர்கள் மதுரைப் பெருமையைச் சொல்லும்போது சென்னைக்காரர்கள் எழும்பூரைச் சொல்வார்கள். அரசுக் கண் மருத்துவமனை அங்கே 1819-இல் தொடங்கியது. லண்டன் மூர்ஃபீல்ட்ஸுக்கு அடுத்து உலகத்திலேயே பழைய கண் மருத்துவமனை என்பார்கள். கண் சிவந்து ஊர் முழுக்கப் பரவும் அந்த நோய்க்கு "மெட்ராஸ் ஐ" என்று பேர் வந்ததற்கும் அந்த மருத்துவமனைக்கும் சம்பந்தம் உண்டு. சென்னையைச் சுற்றி இருப்பவருக்குக் கருவிழி மாற்றுவதிலிருந்து எல்லாம் ஒரே வளாகத்தில் இலவசமாக நடக்கும் இடம் அது. மற்ற ஊர்க்காரர்களுக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் மாவட்டத் தலைமை மருத்துவமனையும்.

என் மாமனாருக்கு 74 வயது. இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர், சுகரும் உண்டு. முகாமுக்கு வர மறுத்துவிட்டார் என்றேனே, ஒருவகையில் அது நல்லதுக்குத்தான். அவர் மாதிரி ஆட்களுக்குப் பெரியாஸ்பத்திரிதான் சரி. கண் டாக்டர் "இருதய டாக்டர் கையெழுத்து வேண்டும்" என்று சொன்னால் அடுத்த கட்டிடத்துக்கு நடந்தால் போதும். ஈசிஜி, ரத்தப் பரிசோதனை, எக்கோ எல்லாம் அதே சுவருக்குள். மேஜையில் ஏதாவது ஆகிவிட்டால் பார்க்கவும் ஆள் இருக்கிறது. தனியாக ஒரு கண் மருத்துவமனையில் இது கிடைக்காது.

ஆனால் நாள். முதல் நாள் ஓ.பி. சீட்டு, பார்வை பார்த்து, பாப்பா விரிய மருந்து விட்டு, மதியம் ஒரு மணிக்குப் "புரைதான்" என்றார்கள். இரண்டாம் நாள் ரத்தம், ஈசிஜி, இருதய டாக்டர். மூன்றாம் நாள் உள்ளே வைக்கும் லென்ஸின் பவரை அளக்க வேண்டும், அளப்பவர் விடுப்பு. காலை ஏழு மணி பஸ்ஸுக்கு ஓடிப்போய், சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டு, பதினொரு மணி பஸ்ஸில் திரும்பினோம். மாமனார் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் மகளிடம், "இந்தக் கண்ணு இப்படியே இருக்கட்டும்" என்றார். நான்காம் நாள் அளந்தார்கள். பிறகு சேர்ந்து, ஆபரேஷன், மறுநாள் கட்டுப் பிரித்தல் என மூன்று நாள். ஒரு வாரம் கழித்து ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று. ஆக ஒன்பது. எங்களுக்கு முன்னால் வரிசையில் நின்ற ஒரு கட்டடத் தொழிலாளி, அப்பாவைக் கூட்டி வந்தவர், மூன்றாவது நாளுக்குப் பிறகு வரவில்லை.

அளவு பார்ப்பது எந்தக் கிழமை, ஆபரேஷன் எந்தக் கிழமை என்று முதல் நாளே நர்சிடம் கேட்டிருந்தால் இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும். கேட்கத் தோன்றவில்லை. நீங்கள் கேளுங்கள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது அம்மாக்களைக் கூட்டிப்போகிறவர்களுக்குக் கொஞ்சம் உதவும். வெளியூருக்குப் போகும் வண்டியில் அது கிடையாது.

ஒன்பது நாள் போனதைத் தவிர, சிகிச்சையில் நான் குறை சொல்ல மாட்டேன். ஆபரேஷன் செய்த டாக்டரம்மா மறுநாள் காலை தானே கட்டைப் பிரித்து, "ஐயா, என் கையில எத்தனை விரல்?" என்று கேட்டார். மாமனார் விரலைச் சொல்லாமல், "மோதிரத்துல பச்சைக்கல்லு" என்றார்.

கண் பிரஷருக்கு ஆயுசு முழுக்கச் சொட்டு மருந்து வேண்டியவர்களுக்கும் அரசு மருத்துவமனைதான். டிமோலால் போன்ற சொட்டு அங்கே இலவசமாகக் கிடைக்கிறது. வெளியில் மாதாமாதம் வாங்கி, காசு இல்லாத மாதத்தில் நிறுத்தி, அப்படியே பார்வையைத் தொலைத்தவர்கள் எங்கள் ஊரிலேயே உண்டு. பிரஷரில் பெரும்பாலும் வலி இருக்காது, சொட்டை நிறுத்தினாலும் எதுவும் தெரியாது, ஓரப்பார்வை மட்டும் மெல்லச் சுருங்கிக்கொண்டே வரும்.

அட்டை

பெரியம்மாவின் கதை புரை அல்ல. இருபது வருடச் சுகர். ஒரு நாள் காலையில் இடது கண்ணுக்கு முன்னால் "கருப்பு நூலு மிதக்குது" என்றார். மறுநாள் நூல் திரையானது. முகாமுக்குக் கூட்டிப் போனோம். அங்கிருந்த இளம் டாக்டர் பார்த்துவிட்டு, "இது புரை இல்லை, உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது, விழித்திரை டாக்டரிடம் இன்றைக்கே போங்கள்" என்றார். முகாமில் கிடைத்த மிக நல்ல சிகிச்சை அந்த ஒரு வாக்கியம்.

விழித்திரை ஆபரேஷன் தனியாரில் செய்தால் எங்கள் போன்ற குடும்பங்கள் நகையை வைக்க வேண்டிவரும். இங்கேதான் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்றுக்குக் கிராம நிர்வாக அலுவலர், அட்டைக்குக் கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையம். ரேஷன் அட்டையும் ஆதாரும் வேண்டும். ஆண்டுக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் அரசு மருத்துவமனையிலும் செல்லும்.

பெரியம்மாவிடம் அட்டை இருந்தது, பெரியப்பா பெயரில். அவர் இறந்து எட்டு வருடம் ஆகிறது. ரேஷன் அட்டையில் பெயர் மாற்றி, விருதுநகர் போய் வரிசையில் நின்று சரி செய்து வருவதற்குள் பத்து நாள் ஓடிவிட்டது. ரத்தம் கசியும் கண்ணுக்குப் பத்து நாள் என்பது சின்ன விஷயமில்லை. அதனால், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அட்டையை இன்றைக்கு எடுத்துப் பாருங்கள். யார் பெயரில் இருக்கிறது, யார் யார் பெயர் ரேஷன் அட்டையில் இருக்கிறது என்று. நோய் வந்த பிறகு செய்யும் வேலை இல்லை இது.

மருத்துவமனையில் காப்பீட்டுக்கென்று ஒரு மேஜை இருக்கும். அங்கே கேட்க வேண்டியது "அட்டை எடுத்துக்கொள்வீர்களா?" என்று அல்ல. "இந்தச் சிகிச்சை பட்டியலில் இருக்கிறதா, லென்ஸுக்கோ ஊசிக்கோ தனியாகக் காசு உண்டா?" என்று. ஒப்புதல் வந்த பிறகுதான் ஆபரேஷன். சும்மா காட்டிவிட்டு வரும் ஓ.பி. செலவுக்கோ, வீட்டில் விடும் சொட்டு மருந்துக்கோ அட்டையை நம்ப வேண்டாம். சந்தேகம் என்றால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. 70 வயது நிரம்பியவர்களுக்கு வருமான வரம்பில்லாமல் மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய ஆயுஷ்மான் அட்டையும் உண்டு. நீங்கள் போகும் மருத்துவமனை அதை எடுத்துக்கொள்கிறதா என்பதை அந்த மேஜையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

புரைக்கு மட்டும் அட்டையைத் தூக்கிக்கொண்டு அலைவது எனக்குச் சரியாகப் படவில்லை. புரைக்கு இலவச வாசல்கள் நிறைய. அட்டையை விழித்திரைக்கும் அது போன்ற பெரிய வேலைகளுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

"லேசர் ஆபரேஷன்தானே நல்லது?"

இந்தக் கேள்வி வராத வீடே இல்லை. தனியார் இடம் ஒன்றில் மாமனாருக்கு ஒரு வழவழப்பான அட்டையைக் காட்டினார்கள். ஓட்டல் மெனு மாதிரி லென்ஸ் பெயரும் விலையும். இலவசத்தில் பழைய முறை, காசு கொடுத்தால் லேசர் என்ற பேச்சு அங்கிருந்துதான் கிளம்புகிறது. ஊரில் லேசர் என்று சொல்வது பெரும்பாலும் ஃபேக்கோ. அதில் புரையை உடைப்பது அல்ட்ராசவுண்ட் அதிர்வு, லேசர் இல்லை. மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான துளை, மடித்து உள்ளே விடும் லென்ஸ். முகாம் நோயாளிகளுக்கு அதிகம் செய்வது ஆறேழு மில்லிமீட்டர் துளை போட்டுப் புரையை முழுசாக எடுக்கும் முறை. அதிலும் தையல் இல்லை. முற்றி இறுகின புரைக்கு அது ஃபேக்கோவைவிடப் பொருத்தம் என்று நினைக்கும் டாக்டர்கள் உண்டு. வேறுபாடு, ஆறுவதற்குச் சில நாள் கூடுதல், கண்ணாடியில் கொஞ்சம் கோணப் பவர். கைதேர்ந்தவர் செய்தால் கடைசியில் தெரியும் பார்வையில் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. எழுபது வயதில் பூக்கட்டவும் ரூபாய் நோட்டைப் பார்க்கவும் வேண்டிய கண்ணுக்கு மெனுவின் கடைசி வரி தேவையில்லை. வண்டி ஓட்டுகிறவர், சீக்கிரம் வேலைக்குத் திரும்ப வேண்டியவர் ஆகியோருக்கு, கையில் காசும் இருந்தால், தொண்டு மருத்துவமனைகளின் கட்டணப் பிரிவு நல்ல வழி. அவர்கள் கொடுக்கும் காசில்தான் முகாம் பஸ் ஓடுகிறது.

"புரை நல்லா முத்தட்டும்" என்று காத்திருப்பது பழைய காலத்து யோசனை. இப்போது அன்றாட வேலைக்கு இடைஞ்சல் என்றாலே எடுத்துவிடலாம். அதிகம் முற்றவிட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, தாங்க முடியாத வலியோடு ராத்திரியில் ஓட வேண்டிவரும். வெயில் காலத்தில் கூடாது என்பதற்கும் அடிப்படை இல்லை.

சொட்டு விட யார்?

எந்த வாசலில் போனாலும் வீட்டுக்கு வந்த பிறகு ஒன்றரை மாதம் சொட்டு மருந்து. முதல் வாரம் பல தடவை, பிறகு வாரத்துக்கு வாரம் குறையும். கண்ணில் தண்ணீர் படக் கூடாது, தலைக்குக் குளிப்பதில்லை, கசக்கக் கூடாது. வலி கூடினாலோ, சிவந்தாலோ, தெரிந்த பார்வை மங்கினாலோ ஒரு மாத ரிவ்யூவுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே ஓட வேண்டும். இலவச ஆபரேஷனைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த ஒன்றரை மாதம்தான் என்று நினைக்கிறேன்.

ஆச்சிக்கு அதற்கும் ஆள் இல்லை. தானே விட்டுக்கொள்ளப் பார்த்தார், கன்னத்தில்தான் ஓடியது. தினத்தாள் காலண்டரின் பின்பக்கத்தில் வாரத்துக்கு எத்தனை தடவை என்று கோடு போட்டுக் கொடுத்தேன். பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும், ராத்திரி படுக்கும் முன்னாலும் சொட்டு விட்டது, துட்டு எடுக்கிறான் என்று ஆச்சி வைத அந்தப் பக்கத்து வீட்டுப் பையன்தான். மற்ற வேளைக்கு நான். ஆறாம் வகுப்புப் படிக்கிறான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கீழிமையை இழுத்து, குப்பி முனை கண்ணில் படாமல் ஒரே ஒரு சொட்டு. நர்ஸ் ஒரு தடவை காட்டியதை அப்படியே பிடித்துக்கொண்டான். ஆச்சி அவனுக்குத் தினமும் இரண்டு ரூபாய் கொடுத்தார், எண்ணிப் பார்த்து.

ஒரு மாதம் கழித்து அதே முகாம் இடத்தில் பார்த்துக் கண்ணாடி கொடுத்தார்கள். வெகு காலம் கழித்துச் சில கண்ணில் லென்ஸுக்குப் பின்னால் மீண்டும் ஆடை படரும். "புரை திரும்ப வந்துவிட்டது" என்று பயப்படுவார்கள். அது புரை இல்லை, சில நிமிட லேசரில் சரியாகும். இது நிஜமான லேசர்.

எல்லாம் செய்தும் பார்வை திரும்பாதவர்களுக்கு: இரண்டு கண்ணையும் சேர்த்து 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு என்று டாக்டர் சான்று கொடுத்தால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கிடைக்கும். பஸ் சலுகையிலிருந்து உதவித்தொகை வரை அதை வைத்துத்தான் கேட்க முடியும். வயதானவருக்கு எதற்கு என்று பலர் வாங்காமலே விடுகிறார்கள்.

ஆச்சிக்கு இன்னொரு கண் பாக்கி. அடுத்த முகாம் தை மாதம் என்று போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். "தையில கல்யாணம் சாஸ்தி, பூவுக்குக் கை காணாது" என்று மறுத்துவிட்டார். மார்கழியில் எங்கே முகாம் என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறார். பனியில் பூ வரத்தும் குறைவு, முகூர்த்தமும் இல்லை. மூன்று நாள் கடை போடாவிட்டால் பெரிதாக நஷ்டமில்லை. பக்கத்துத் தாலுகாவில் ஒன்று இருக்கிறது. பையனுக்கும் அப்போது அரைப்பரீட்சை லீவு.